கிரின்ஸ்டெட் பெட்டி சொன்ன ‘இல்லை’

2009 மே 31, ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில், தமிழ்ச் சபையின் சமையலறையில் யாரோ பெரிய சோற்றுக் குக்கரைச் செருகினார்கள். அதே சுவரில் கோப்பி இயந்திரம் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. அன்று பின்சே, பெந்தெகொஸ்தே ஞாயிறு. மண்டபம் நிறைந்த சனம். ஃபியூஸ் விழுந்தது. விளக்குகள் அணைந்தன, கீபோர்ட் நின்றது, சபை அலுவலகத்தின் மூலையில் இருந்த எங்கள் கணினியும் நின்றது. சிறிது நேரத்தில் ஒருவர் ஃபியூஸைத் தூக்கிவிட்டார். விளக்குகள் வந்தன. கணினி தானாக எழுந்து, தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. பார்த்தவர்களுக்கு எல்லாம் முன்போலவே இருந்தது.

இந்தப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் மூன்று கணினிகளை ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் நான் விலகுகிறேன். இலக்கியப் படிப்பின் கடைசி ஆய்வேடு காத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை. ஓகூஸ், வைலே, கிரின்ஸ்டெட் என்று மூன்று ஊர்களில் இருக்கும் அந்தப் பெட்டிகள் இன்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வானொலியையும் அறிவித்தல்களையும் சுமக்கின்றன. அவற்றை எப்படி இயக்குவது என்பது கையேட்டில் இருக்கிறது. கணினி எழும்போது சேவையைத் தொடக்கிவைக்கும் ஸ்கிரிப்ட் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது, ஏன் சில வேளைகளில் “தொடங்கமாட்டேன்” என்று உங்களை எரிச்சலூட்டும் என்பது கையேட்டில் இல்லை. அதைத் திருத்தத் தோன்றும் நாளில் நீங்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த மே மாதத்தில் இந்தப் பெட்டிகளின் வேலை வேறு. யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலிகள் சொல்லிக்கொண்டிருந்தன. வன்னியிலிருந்து வெளியேறியவர்கள் வவுனியாவைச் சுற்றிய முகாம்களில் இருந்தார்கள். யார் வந்து சேர்ந்தார்கள், யார் வரவில்லை என்பது இங்கே எந்த வீட்டுக்கும் முழுமையாகத் தெரியாது. முகாமில் இருப்பவர் எப்படியோ ஒரு கைத்தொலைபேசியைப் பிடித்து எங்கள் இலக்கத்துக்கு எடுத்துச் சில வரிகள் பேசுவார். பணியில் இருக்கும் தொண்டர் அதைக் கேட்டு, எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று பதிவில் பார்த்து, அந்தக் குடும்பத்தின் கோப்புறையில் வைப்பார். டென்மார்க்கில் உள்ள குடும்பம் தங்கள் ஊர்ப் பெட்டிக்குத் தொலைபேசி எடுத்துக் குடும்ப இலக்கத்தை அழுத்தினால், செய்தி இருந்தால் அந்தக் குரலையே கேட்கலாம். இல்லாவிட்டால் ஒரு பெண் குரல், “உங்களுக்கு இதுவரை செய்தி எதுவும் வரவில்லை” என்று சொல்லும். அந்தக் குரல் என்னுடையது.

இரண்டு விதிகள் இருந்தன. செய்தியின் உள்ளடக்கத்தை அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எவருக்கும் சொல்லக்கூடாது. தொண்டர்கள் தங்கள் சொந்தக் குடும்பத்தின் கோப்புறையைத் திறந்து பார்க்கக்கூடாது. மற்றவர்களைப்போலத் தொலைபேசி எடுத்தே கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருந்தது, என் தாய்மாமனுக்காக. மே நடுப்பகுதிக்குப் பிறகு நான் அதற்கு எடுக்கவில்லை.

இனிச் சிறிது தொழில் விஷயம். செய்திகள் அனைத்தும் ஓகூஸ் கணினியின் டிஸ்கில் இருந்தன. மற்ற இரண்டு ஊர்ப் பெட்டிகளும் இணைய வழியாக அந்த டிஸ்கைத் தங்களுடன் பொருத்திக்கொண்டு அதிலிருந்தே வாசித்தன. மூன்றிலும் லினக்ஸ்தான். ஆனால் அவை நன்கொடையாக வந்தவை. கொடுத்தவர் எதை நிறுவியிருந்தாரோ அதுவே இருந்தது. ஓகூஸில் ஃபெடோரா, வைலேயில் சூசே, கிரின்ஸ்டெட்டில் டெபியன். கணினி எழும்போது எந்தச் சேவை முதலில், எது அதன் பின்னால் என்று முடிவு செய்யும் முறை அன்று மூன்றிலும் மூன்று விதம். எங்கள் ஸ்கிரிப்ட்டின் தலைப்பில், “டிஸ்க் பொருந்திய பிறகே என்னைத் தொடங்கு” என்று உரிய மொழியில் எழுதியிருந்தோம். வைலே அந்த வரிகளை வாசித்துக் கீழ்ப்படிந்தது. கிரின்ஸ்டெட் பெட்டிக்கு அன்றைய வழக்கப்படி அவை வெறும் குறிப்புகள். நிறுவும்போது கொடுத்த வரிசை எண்ணைத்தான் அது பார்த்தது, அந்த எண்ணை நாங்கள் யோசிக்காமல் பொது எண்ணாக விட்டிருந்தோம். ஓகூஸுக்கு டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே இருந்ததால் இந்தக் கேள்வியே எழவில்லை. மூன்றும் தங்கள் தங்கள் முறைப்படி சரியாகவே நடந்தன.

இன்னொன்றும் இருந்தது, அது எந்த லினக்ஸிலிருந்தும் வரவில்லை, எங்கள் வீடுகளிலிருந்து வந்தது. சேவையின் வாக்கியங்களைத் தீர்மானிக்கக் கூடிய கூட்டத்தில், “தவறு ஏற்பட்டுள்ளது, பிறகு முயலுங்கள்” என்றொரு மூன்றாவது வாக்கியமும் முன்மொழியப்பட்டது. ஒரு மூத்தவர் உடனே கையை உயர்த்தினார். “தவறு எண்ட சொல்லைக் கேட்டா அம்மாமார் போனோடயே விழுந்திடுவினம். வேண்டாம். ஒண்டும் விளங்காட்டி, செய்தி இல்லை எண்டே சொல்லட்டும்.” எவரும் மறுக்கவில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் நாங்கள் அனைவரும் முதலில் “இஞ்ச எல்லாரும் நல்ல சுகம்” என்று சொல்லிவிட்டுத்தான் எந்தத் துயரத்தையும் தொடங்குவோம். மரணச் செய்தியைக்கூட “கொஞ்சம் சுகமில்லை” என்றுதான் முதலில் அனுப்புவோம். அந்தப் பழக்கமே மென்பொருளுக்குள்ளும் போனது. அதன் பிறகு பெட்டிக்குத் தெரியாதவை அனைத்தும் அதன் வாயில் ‘இல்லை’ ஆயின.

அன்று ஓகூஸ் அறையில் நானும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த தொண்டரும் இருந்தோம். அவரது பெயரை எழுதக்கூடாது என்பது அவரது நிபந்தனை. முப்பது வயதைத் தாண்டியவர். வார நாட்களில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை, சனி ஞாயிறுகளில் எங்களுடன். அன்று காலை நான் ஒரு செய்தியைக் கேட்டு, பதிவில் பார்த்து, உரிய கோப்புறையில் வைத்திருந்தேன். ஓர் இளைஞனின் குரல். கிரின்ஸ்டெட்டில் இருக்கும் தன் தாய்க்குப் பேசியிருந்தான். அவன் என்ன சொன்னான் என்பதை இங்கேயும் எழுதமாட்டேன். உயிருடன் இருந்து பேசினான் என்பது மட்டும் போதும்.

ஒரு மணி கழிந்திருக்கும். கிரின்ஸ்டெட் பெட்டியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட அண்ணை தன் கைத்தொலைபேசியிலிருந்து எடுத்தார். தொழிற்சாலை வேலை, சபையின் ஒலிபெருக்கிகள், எங்கள் பெட்டி மூன்றையும் பார்ப்பவர். எவரிடமும் கடிந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

“தங்கச்சி, பின்சே வாழ்த்துக்கள். இஞ்ச ஒரு பகிடி கேளுங்கோ. எங்கட பொம்பிளையள் சோத்துக் குக்கரைச் செருகி ஃபியூஸை விழுத்திப்போட்டினம். பாஸ்டர் இருட்டுக்குள்ள நிண்டு வெளிச்சத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார்.”

“பெட்டி என்ன மாதிரி அண்ணை?”

“அது எங்களை விடக் கெட்டிக்காரன். தானா எழும்பி ஓகே எண்டு போட்டிருக்கு. சனம் வரிசையில நிண்டு எடுத்துக்கொண்டிருக்கு.” அவரது குரல் தணிந்தது. “நான் எடுத்தது வேற விசயத்துக்கு. எங்கட ஜெயமணி அன்ரி இருக்கிறாவெல்லே, தன்ர குடும்ப இலக்கத்தைத் திருப்பித் தந்திட்டா. அதை மூடிவிடுறியளோ?”

“ஏன்?”

“பின்சே வரைக்கும் பாக்கிறது எண்டு முதலே சொன்னவ. இப்பதான் கடைசியா எடுத்தவ, இல்லை எண்டிட்டுதாம். மூண்டு மணிக்குப் பெடியனுக்காக ஆறுதல் ஜெபம் வைக்கிறம். கதிரை அடுக்கியாச்சு. அவவின்ர மனுசன் கனடாவுக்கும் லண்டனுக்கும் சொல்லுறதுக்கு நம்பர் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறார்.”

ஜெயமணி அன்ரி குடும்பத்தோடு டென்மார்க்குக்கு வந்தபோது மூத்த மகனுக்கு வயது கடந்திருந்ததால் அவனைச் சேர்த்துக் கூப்பிட முடியவில்லை. அவன் வன்னியிலேயே நின்றுவிட்டான். காலையில் நான் கேட்ட குரல் அவனுடையது.

“அண்ணை, லைனிலேயே நில்லுங்கோ. வைச்சிடாதேங்கோ” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னால் சொல்ல முடியாது.

அக்கா கறுத்தப் பாணில் ரின் மீனைப் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னதும், எதுவும் கேட்காமல் தன் தொலைபேசியில் கிரின்ஸ்டெட் இலக்கத்தை அழுத்தினார். சோதனைக்கென்று ஒரு குடும்ப இலக்கம் வைத்திருந்தோம். அதில் எப்போதும் ஒரு செய்தி இருக்கும், மூன்று பெட்டிகளும் அதை வாசித்தாக வேண்டும். ஒலியை உயர்த்தி மேசையில் வைத்தார். என் குரல் மிகத் தெளிவாக, அவசரமின்றி, “உங்களுக்கு இதுவரை செய்தி எதுவும் வரவில்லை” என்றது.

அக்கா பாணைக் கீழே வைத்தார்.

இங்கிருந்தபடியே அவர் கிரின்ஸ்டெட் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தார். டிஸ்க் பொருந்தியிருந்தது. கோப்புறைகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன. சேவையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கணினி எழுந்தபோது சேவை டிஸ்கை முந்திக்கொண்டு தொடங்கி, அந்த நேரத்தில் வெறுமையாக இருந்த கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் டிஸ்க் வந்து அதே இடத்தில் பொருந்தியும், உள்ளே இருந்த சேவைக்கு அது தெரியவில்லை. வெறுமையைப் பார்த்து எல்லோருக்கும் ‘இல்லை’ சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியை அங்கே வைத்த நாளில் சேவையைக் கையால் தொடக்கிப் பார்த்திருந்தோம்; அப்போது டிஸ்க் ஏற்கனவே பொருந்தியிருந்ததால் எல்லாம் சரியாக நடந்தது. சபையின் பாட்டுத் திரையும் அதே கணினியில் ஓடியதால், மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

“சேவையை ஒருக்கா நிப்பாட்டித் தொடக்கினாச் சரி வந்திடும்” என்றேன். “ஒரு நிமிச வேலை.”

“முதல் நிப்பாட்டுவம்” என்றார் அக்கா. “தொடக்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்.”

“நிப்பாட்டினா ஒருத்தருக்கும் பதில் வராதே.”

“வரவேண்டாம். இப்ப தொடக்கினாப் பெட்டி சரியாயிடும். அதுக்குள்ள எடுத்த சனம் இல்லை எண்ட நினைப்போட வீட்டை போயிடும். நாளைக்குத்தான் திரும்ப எடுக்குங்கள். சில பேர் எடுக்கவே மாட்டினம்.” அவர் கட்டளையை அழுத்தினார். கிரின்ஸ்டெட் இலக்கம் ஊமையானது. “இப்ப பெட்டி பொய் சொல்லாது. இனிச் சனத்துக்கு ஆராவது உண்மையைச் சொல்லவேணும்.”

இவ்வளவும் நடக்க எடுத்த நேரம் மிகக் குறைவு. பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு கோளாறைக் கண்டவுடன் என் கை அதைத் திருத்தப் பாய்ந்தது. அவருடைய கவனமோ அந்தக் கோளாறு யார் யாருடைய காதுக்குள் ஏற்கனவே போய்விட்டது என்பதில் நின்றது. அவரிடம் நான் கற்றவற்றில் இதைவிடப் பெரியதாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கி அண்ணையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

“அப்ப அன்ரிக்கு ஏதும்...” என்று தொடங்கினார் அண்ணை.

“அண்ணை, அதைக் கேக்காதேங்கோ. ஆருக்கு இருக்கு, ஆருக்கு இல்லை எண்டு நான் சொல்லமாட்டன்.”

“சரி, விளங்குது. நான் அவவிட்ட மட்டும் போய் மெதுவா, ஒருக்கா ஓகூஸுக்கு எடுத்துப் பாருங்கோ எண்டு சொல்லட்டோ?”

“அவவிட்ட மட்டும் சொன்னா அவவுக்கு ஏதோ வந்திருக்கு எண்டு முழு மண்டபத்துக்கும் தெரிஞ்சிடும். வந்தது நல்லதோ கெட்டதோ எண்டு அவ போனைத் தூக்க முதலே சனம் கதைக்கத் தொடங்கிடும். மற்ற ஆக்களுக்கும் இதே பெட்டிதானே பிழையாச் சொன்னது? எல்லாருக்கும் சொல்லவேணும். ஒரே மாதிரிச் சொல்லவேணும்.”

“தங்கச்சி, நீங்கள் லேசாச் சொல்லுறியள். பின்சே நாளில, சனத்துக்கு முன்னால நிண்டு, நாங்கள் சொன்னது பிழை எண்டு சொன்னா, நாளைக்கு இந்தப் பெட்டியை ஆர் நம்புவினம்?”

“எனக்குத் தெரியேல்ல அண்ணை” என்றார் அக்கா. “நம்பாமலும் விடலாம்.”

அண்ணை பெருமூச்சு விட்டது கேட்டது. “சரி. நீங்கள் லைனில நில்லுங்கோ” என்றார். கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டிருக்க வேண்டும். துணி உரசும் சத்தம், காலடி, கதவு, பிறகு மண்டபத்தின் இரைச்சல். நாங்கள் இருவரும் மேசைமேல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பாட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. எல்லாரும் கேளுங்கோ. கரண்ட் போய் வந்ததுக்குப் பிறகு ஆரெல்லாம் அலுவலகத்தில போன் எடுத்தனீங்கள்? உங்களுக்குப் பெட்டி இல்லை எண்டு சொல்லியிருக்கும். அதை நம்பாதேங்கோ.” இரைச்சல் அடங்கியது. “இருக்கு எண்டும் நினையாதேங்கோ. அந்த நேரம் பெட்டிக்கு ஒண்டுமே தெரியாது. தெரியாமலே இல்லை எண்டு சொல்லிப்போட்டுது. இது எங்கட பிழை. இப்ப அதை நிப்பாட்டி வைச்சிருக்கு. எல்லாரும் ஓகூஸ் இலக்கத்துக்குத் திரும்ப எடுங்கோ.”

ஓர் ஆண் குரல் உயர்ந்தது. “அப்ப போன கிழமை சொன்னதும் பொய்யோ? எங்கட பிள்ளையளை வைச்சுச் சோத்துக் குக்கர் விளையாட்டோ விளையாடுறியள்?”

“போன கிழமை கரண்ட் போகேல்ல. அது சரியா இருக்கும் எண்டுதான் நினைக்கிறன், கேட்டுச் சொல்லுறன். இண்டைக்குச் சொன்னது பிழை. பெட்டி என்ர பொறுப்பு, என்னை ஏசுங்கோ. ஏசிப்போட்டுப் போனை எடுங்கோ.”

எவரையும் கடிந்து பேசாத, எதையும் பூசி மெழுகியே சொல்லப் பழகிய ஒரு மனிதர், நன்றாக உடுத்திக்கொண்டு பண்டிகைக்கு வந்த அத்தனை பேர் முன்னால், ஒரு மென்மைச் சொல்லையும் சேர்க்காமல் அதைச் சொன்னார். நான் நூல்களில் வாசித்த துணிச்சல் அனைத்திலும் ஓரளவு அலங்காரம் இருந்தது. இதில் இல்லை.

பிறகு மிக அருகில் ஒரு பெண் குரல், களைத்துப்போன குரல்: “தம்பி, என்னை விடுங்கோ. நான் இலக்கத்தைத் திருப்பித் தந்திட்டன்.”

“அன்ரி, எல்லாரையும்தானே எடுக்கச் சொல்லுறன். நீங்களும் எல்லாரிலயும் ஒராள்தானே.”

“எத்தினை தரம் தம்பி அதே பெட்டையின்ர குரலைக் கேக்கிறது?”

அக்கா என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒருக்கா கேளுங்கோ” என்றார் அண்ணை. “பிறகு நான் கேக்கமாட்டன்.”

தொடர்பு அறுந்தது.

ஓகூஸ் பெட்டியின் திரையில் அழைப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு அழைப்புக்கும் குடும்ப இலக்கமும், எந்த ஒலி போய்க்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். ‘இல்லை’. ‘இல்லை’. ‘இல்லை’. கிரின்ஸ்டெட்டில் வரிசையில் நின்ற பலருக்கும் அன்று உண்மையாகவே செய்தி இல்லை. அண்ணை அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தப் பாரத்தை அவர் தெரிந்தே ஏற்றார் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. சரியான முடிவு என்பதனால் அது எவரையும் நோகடிக்காமல் விடவில்லை.

பிறகு ஜெயமணி அன்ரியின் இலக்கம் வந்தது. நான் காலையில் வைத்த கோப்பின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. அது முடிந்தது. அழைப்பு அறுபடவில்லை, மீண்டும் கேட்பதற்கான பொத்தானை அழுத்தியிருக்கிறார். மறுபடியும் முடிந்தது, மறுபடியும் தொடங்கியது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை என்பது அந்தத் திரையிலிருந்தே தெரிந்தது.

மாலையில் அண்ணை எடுத்தார். “அன்ரி கேட்டிட்டா. என்னெண்டு நான் கேக்கேல்ல. சமையலறையில போய் இருந்து எல்லாருக்கும் கோப்பி ஊத்துறா, ஒருத்தரும் கேக்காமலே. ஆறுதல் ஜெபம் இல்லை எண்டு பாஸ்டர் கதிரையை எல்லாம் திருப்பி அடுக்கச் சொல்லிப்போட்டார். மனுசனும் கனடாவுக்கு எடுக்கத்தான் செய்தார். வேற விசயம் சொல்லுறதுக்கு.”

“உங்களை ஏசினவை?”

“ஏசினவை ஏசினவைதான். சோத்துக் குக்கர் அண்ணை எண்டு பேர் வைச்சாச்சு. சாகும்வரைக்கும் போகாது.”

“நீங்களும் எடுத்தனீங்களோ அண்ணை?” என்று கேட்டேன். அவருடைய தங்கையின் குடும்பத்துக்காக அவரும் ஓர் இலக்கம் வைத்திருந்தார்.

“ஓம். எல்லாரும் எடுத்தாப் பிறகு எடுத்தன். இல்லை எண்டுதான் சொல்லிச்சு.” பிறகு, “ஆனா தங்கச்சி, மத்தியானமும் அதே சொல்லுத்தான் கேட்டனான். அது நெஞ்சுக்க எங்கையோ இருந்து அரிச்சுக்கொண்டிருந்தது. இப்ப கேட்டது வேற. இப்ப இல்லை எண்டா இல்லை. அதோட நான் இருக்கலாம்” என்றார்.

மறுநாள் திங்கட்கிழமையும் பண்டிகை விடுமுறை. கிரின்ஸ்டெட்டுக்குப் பேருந்து கிடையாது என்பதால் அக்காவின் காரில் காலையிலேயே போனோம். வழியில் அவர் புதிய ஸ்கிரிப்ட்டை விளக்கினார். தலைப்பு வரிகளும் வரிசை எண்களும் இருக்கட்டும். எந்த லினக்ஸ் எதை வாசிக்கும் என்று இனி நம்பியிருக்கப் போவதில்லை. ஓகூஸ் டிஸ்கில் ஓர் அடையாளக் கோப்பு வைத்தாயிற்று. ஸ்கிரிப்ட் தானே அதைத் தேடும். அது கண்ணில் படும்வரை சேவை தொடங்காது. படாமலே போனால் தொடங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பு மறைந்தால், சேவை மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும். மூன்று ஊர்களுக்கும் ஒரே ஸ்கிரிப்ட், ஒரே கேள்வி.

அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சபை அலுவலகத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு நான் பதிவு செய்தேன். “இப்போது எங்களால் பார்க்க முடியவில்லை. உங்களுக்குச் செய்தி இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து அடுத்த ஊரின் இலக்கத்துக்கு எடுங்கள்.” அண்ணை பக்கத்தில் நின்று கேட்டார். “கேக்கக் கொஞ்சம் முரடாத்தான் இருக்கு. இருக்கட்டும்” என்றார்.

பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க நான் குனிந்தபோது அக்கா தடுத்தார். “நேற்று எப்பிடி விழுந்ததோ அப்பிடியே விழட்டும்.” அண்ணை சிரித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கோப்பி இயந்திரத்தைக் கொதிக்க வைத்து, சோற்றுக் குக்கரைச் செருகினார். ஃபியூஸ் விழுந்தது. மறுபடியும் தூக்கியபோது கணினி எழுந்தது. திரையில் எங்கள் சேவையின் வரி நின்றது: காத்திருக்கிறது. டிஸ்க் பொருந்தியது. வரி மாறியது: தொடங்கியது. அக்கா சோதனை இலக்கத்தை அழுத்தினார். அதில் இருக்க வேண்டிய செய்தி ஒலித்தது.

அவர்கள் இருவரும் கோப்பி குடிக்கப் போனார்கள். நான் அலுவலகத் தொலைபேசியை எடுத்து, அதே கிரின்ஸ்டெட் பெட்டிக்கு, மே நடுப்பகுதிக்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். என் குரல், “உங்களுக்கு இதுவரை செய்தி எதுவும் வரவில்லை” என்றது. நான் அதை நம்பினேன். தொலைபேசியை வைத்துவிட்டு வைலேயில் இருக்கும் அம்மாவுக்கு எடுத்து, எல்லோரும் சுகம் என்று தொடங்காமல், மாமாவைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.